தராசு மேடம் சாப்பிட்ட மழை

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துப் பொய்யிருந்தாலும், வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இங்கேயே உதிரட்டும்.

மண்வளப் பாதுகாப்பு அலுவலகத்தில் முப்பது வருஷம் மழையின் அடியை அளந்தவன் நான். எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்படிப் பெய்தது என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. நாளெல்லாம் தூறினால் மண் குடிக்கும். அதே மழை அரை மணியில் கொட்டினால் மண்ணையே தூக்கிக்கொண்டு போகும். அதனால் ஒரு தட்டில் மாவைப் பரப்பி, கொட்டும் மழையில் இரண்டு எண்ணும் நேரம் நீட்டி, சட்டென்று மூடிவிடுவேன். விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு மாவுருண்டையாகியிருக்கும். காயவைத்து, சலித்து, எடை போட்டால் மழையின் பலம் தெரிந்துவிடும்.

என் மனைவியின் தம்பிக்குச் சரிவில் ஒரு நிலம். மழைக்கு மழை அவன் மண் கீழ்நிலத்துக்காரன் வயலுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தது. மழையின் பலம் நானூறு புள்ளியைத் தாண்டினால் அலுவலகமே குறுக்கே கல்வரப்பு போட்டுத் தரும். இரண்டு வருஷமாக முந்நூற்றெண்பதிலேயே முரண்டு பிடித்தது. திட்டத்துக்கு அந்த வருஷம்தான் கடைசி.

“மாமா, இந்தத் தடவையும் விட்டா, என் நிலத்தைப் பார்க்க நான் அவன் வயலுக்குத்தான் போகணும்.”

“வாயை மூடிட்டுத் தட்டைப் பிடி மாப்ளே.”

பெய்தது பாருங்கள் மழை! முதல் துளியே எலுமிச்சை அளவு. அடுத்ததில் தட்டு நெளிந்தது. இன்னொன்று மச்சான் உச்சந்தலையில் விழ, ஆள் கணுக்கால் வரை மண்ணில் இறங்கிவிட்டான். அடித்த முளை மாதிரி நின்றுகொண்டே, “நானூறு தேறுமா மாமா?” என்றான்.

உருண்டைகளை எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் காயவைத்துவிட்டு, சரிபார்க்கும் பொறியாளரை அழைத்துவரப் போனேன். அவருக்குத் தராசு மேடம் என்று பட்டப்பெயர். உப்பைக்கூட எடை பார்த்துத்தான் போட்டுக்கொள்வார். தினமும் காலையில் தன்னையும் எடை பார்ப்பார். தராசு ஜீப்பிலேயே இருக்கும். வந்தவருக்கு என் மனைவி சுடச்சுட சூப் கொடுத்தாள். இரண்டு கிண்ணம் காலி.

“உருண்டை பிரமாதம்மா. சரி, நான் எடை போட வேண்டிய மழை சாம்பிள் எங்கே?”

அடுப்பு மேடை துடைத்துவிட்டது போல இருந்தது.

“ஏய், இங்கே வச்சிருந்த உருண்டை?”

“விருந்தாளிக்குன்னுதானே உருட்டி வச்சிட்டுப் போனீங்க? இருபது வருஷத்துல ஒரு நாளாவது சமையல்ல கை கொடுத்தீங்களேன்னு சந்தோஷப்பட்டேன்.”

மச்சானுக்குப் பேயறைந்த முகம். “அக்கா! என் நிலத்தையே சூப்பு வச்சிட்டியே!”

தராசு மேடம் அசரவில்லை. வாயைத் துடைத்தார். ஜீப்பிலிருந்து தராசை இறக்கி ஏறி நின்றார்.

“காலைல அறுபத்தொண்ணு. இப்ப அறுபத்திரண்டரை.”

சூப்புத் தண்ணீரைக் கழித்தார். உருண்டைகளை எண்ணித்தான் விழுங்கியிருக்கிறார், பதினாலு. வகுத்தார், பெருக்கினார், ஒரு ஏப்பம் விட்டு மறுபடியும் கூட்டினார்.

“நானூத்திப் பன்னெண்டு. துளி கனம்தான், சந்தேகமே இல்லை. இன்னும் வயித்துல இடிக்குது.”

கையெழுத்தும் போட்டார். மச்சான் நிலத்தின் குறுக்கே கல்வரப்பு எழுந்தது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், ஒரு கல் அசையவில்லை.

பல் ஆடுகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன்: தட்டை நீட்டிய அந்த வருஷம் முழுக்க எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை.