நாலு மணிச் சிவப்பு

"நாலு மணிக்கு எங்கம்மாவ நீ என்ன பண்ற? அத மட்டும் சொல்லு."

"என்னத்தப் பண்றேன்? டீ போட்டுக் குடுக்கறேன். அதுக்கும் கேசு போடுவீங்களா?"

"டீ குடிச்சா நாடி இப்படி எகிறுமா? பதினஞ்சு நாளா, நான் ஆபீஸ் போற நாளெல்லாம், போன்ல சிவப்பாக் காட்டுது."

சமையலறையில் தட்டு தேய்த்துக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. மன அழுத்தத்தை அளக்கும் பட்டையை அவன்தான் அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்டிருந்தான். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாதென்று உத்தரவு. அடியில் தோல் ஊறி வெளுத்து, காயாத துணியின் நாற்றம் அடித்தது. அந்தக் கையால் சாப்பிடவே அருவருப்பாக இருந்தது.

நாலு மணிக்கு நடப்பது அவளுக்குத் தெரியும். மருமகள் அவனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு, இல்லாத தொப்பையைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வருவாள். "யாரு ஃபேன நிறுத்தாமப் போனது? கரண்டு என்ன உங்கப்பன் வீட்டுதா?" அச்சு அசல் அவன் குரல். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரிப்பாள். புருஷன் போனபின் அப்படிச் சிரித்ததில்லை. இருந்தபோதும்தான்.

பட்டைக்குச் சிரிப்பென்றால் என்னவென்று தெரியாது.

"ஏழு மணிக்கு நான் வந்ததும் பாரு, பச்சை. என் முகத்தப் பாத்தாத்தான் அம்மாவுக்கு நிம்மதி."

அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே அம்மாவுக்குள் ஏதோ சுருண்டு படுத்துக்கொள்ளும். அப்புறம் கேட்டதற்கு ஒரு 'ம்'. மற்றபடி கல். அவன் அப்பா கத்திய காலத்திலேயே பழகிய வித்தை. கல்லுக்கு எங்கே நாடி ஏறும்?

"பெட்டியக் கட்டு. நாளைக்கு உன்ன உங்க வீட்டுல விட்டுடறேன். அம்மா சரியானப்புறம் வரலாம்."

"அத்தை, நீங்களாவது வாயத் திறங்களேன்!"

திறந்தால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு மருமகளின் பெட்டி திரும்பியே வராது. திறக்காவிட்டால் நாளைக்கே போகிறது.

மகன் மனைவியிடம் போனை நீட்டிக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தான். "பாரு, இப்பக்கூடப் பச்சை. அம்மாவுக்கும் சம்மதந்தான்."

அவள் பட்டையைக் கழற்றி, எச்சில் தட்டுகள் ஊறிய தண்ணீரில் போட்டாள். அவன் கையில் போன் கத்தியது.

"அம்மா! எதுக்குக் கழட்டின?"

வெளுத்த மணிக்கட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிரிந்தது.

முதல் வார்த்தையாக அவள் என்ன சொல்ல வேண்டும்? இதைப் படித்தவர்கள், முக்கியமாக மாமியார்கள், ஒரு வரியாவது கீழே எழுதுங்கள்.