கந்தக அமிலத்தின் ஏழு அணுக்கள்

கூதிர்க்காலம். கரக் மலைமேல் வெண்முகில் இறங்கிப் பழங்கோட்டை மதிலைத் தழுவிக் கிடந்தது. கல்வீட்டு முற்றங்களில் அத்திமரங்கள் இலையிழந்து, இரப்போர் கைகளென வானோக்கி நின்றன. ஓய்ந்தும் ஓயாமலும் மழை. ஊர் முழுதும் குரலடங்கி, வாராத ஒருவரை எதிர்நோக்கியிருப்பது போன்ற அமைதி.

மாடியறையில், மண்ணெண்ணெய் அடுப்பருகே ருதைனா தனியே அமர்ந்திருந்தாள். குவைத்துக்குப் போன கணவன் அங்கேயே வேறு குடும்பம் கண்டுவிட்டான். பிள்ளையின் பெயர் சொல்லி ‘இன்னாரின் தாய்’ என்று ஊர் அவளை அழைக்கப் பிள்ளையுமில்லை. பள்ளியிறுதித் தேர்வில் வேதியியல் ஒன்றே மிச்சம், இருமுறை தோற்றாயிற்று. நாளைக் காலை கடைசி வாய்ப்பு. தேறினால் தலைநகர் அம்மானில் செவிலியர் பயிற்சி. தவறினால் இதே அறை, இதே சுவர்.

எதிரே தட்டில் பருப்பும் கொண்டைக்கடலையும் ஆலிவ் கொட்டைகளும் அணுக்களாகக் கிடந்தன. வாய்பாட்டைப் பார்த்து எண்ணினால் நீருக்கு மூன்று அணு, பாடநூலின் விடையும் அதுவே. கந்தக அமிலத்துக்கு நூல் ஏழு என்றது. அவளுக்கோ நான்கே வந்தது. கேட்க ஆளில்லை.

‘ஸக்ரின் தாய்’ என்று ஊர் அழைக்கும் கீழ்வீட்டு உம்மு ஸக்ர் சூப்புக் கிண்ணத்தோடு படியேறி வந்தாள்.

“என்னடி, பருப்ப எண்ணிகிட்டு இருக்க? விருந்தாளிக்கு ஆளுக்கு ஒண்ணா?”

“இது அமிலம், உம்மு ஸக்ர். வாயில போட்டுறாதீங்க.”

“உன் காப்பியவே குடிச்சவ நான். சொல்லு, என்ன கணக்கு?”

ருதைனா H₂SO₄ என்று எழுதி, அரபு வரியைப் படிப்பதுபோல் விரலை வலமிருந்து இடமாக நகர்த்தினாள்.

“எழுத்துக்கு அடுத்து வர்ற எண் அந்த எழுத்தோடது. O, எண் இல்ல, ஒண்ணு. S, அதுக்கு ரெண்டு. H, ஒண்ணு. ஆக நாலு.”

“இந்த ஓரத்துல ஒரு நாலு நிக்குதே, அது யாரு வீட்டுப் புள்ள?”

“அதுக்கு முன்னாடி எழுத்தே இல்லயே. விட்டுடுவேன்.”

“பாவம், மழையில நிறுத்திட்டுக் கதவச் சாத்திக்கிட்டியா? பக்கத்து வீட்டுல கேளுடி, அவங்களோடதா இருக்கும்.”

சிரித்தபடியே அவள் இறங்கிப் போனாள். ருதைனா சிரிக்கவில்லை. நான்கின் பக்கத்து வீடு O. அயல்நாட்டு எழுத்து இடமிருந்து அன்றோ நடக்கும். இத்தனை காலமும் பின்வாசல் வழியே நுழைந்திருக்கிறாள். விரலை இடக்கோடிக்கு மாற்றினாள். H, இரண்டு. S, எண்ணின்றித் தனித்து நிற்பினும் ஒன்று. O, நான்கு. ஏழு. நீரில் இரண்டும் ஒன்றும் இடம்மாறியும் கூட்டுத்தொகை மூன்றாகவே இருந்ததால், பிழை தெரியாமலே போயிருந்தது.

பயிற்சிகள் அனைத்தையும் மீண்டும் எண்ணினாள். ஒவ்வொன்றும் ஒத்துவந்தது. சொல்லி மகிழ ஒருவருமில்லாத அறையில் “ஏழு” என்று உரக்கச் சொன்னாள். சுவர்கள் கேட்டுக்கொண்டன.

பிற்பகல் அஸர் தொழுகையின் அழைப்பு எழுந்தது. குளிர்நீரில் முகமும் கைகாலும் கழுவி உளூச் செய்து, விரிப்பை விரித்து, எண்ணில் அடங்காத ஒருவன்முன் நெற்றி நிலந்தோய நெடுநேரம் பணிந்து கிடந்தாள். எதையும் கேட்கவில்லை.

கீழிருந்து உம்மு ஸக்ரின் குரல் வந்தது. “காலையில நீ கிளம்பறப்போ நான் தூங்கிட்டிருப்பேன், இப்பவே சொல்லிடறேன் மகளே. அல்லாஹ் உன் வழிய லேசாக்கட்டும். போற எடமெல்லாம் உனக்கு வெளிச்சமா இருக்கட்டும்.”