கை நின்றால் கதை நிற்கும்

தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்சுற்றான தார் தீர்ந்துவிட்டால் சத்யராஜ் எழுந்திருக்க மாட்டான். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பான். அடுப்பில் எது கொதித்தாலும் மனைவி ஜீவிதா ஓடிவந்து, ராட்டையில் பட்டு நூலைச் சுற்றித் தார் போட்டுத் தர வேண்டும். அவளுக்குக் கை ஒழியாவிட்டால், ஆறாவது படிக்கும் மகள் திரிஷா புத்தகத்தை மூடிவிட்டு வருவாள். ஏழு வயது விஷால் மட்டும் கால்மேல் கால் போட்டு டிவி பார்ப்பான். ஐயா ஆண்பிள்ளையாயிற்றே.

போன மாதம் ஒருநாள் ஜீவிதா அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"தார் சுத்துறது பொம்பளைங்க வேலமா," என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பன் சொல்லும் அதே வார்த்தை, அதே இழுவை. இன்னொரு சத்யராஜை வளர்த்து எவள் தலையிலோ கட்டப் போவதில்லை என்று ஜீவிதா அன்றைக்கே முடிவு செய்தாள். திட்டினால் நடக்காது. ஆனால் கதை என்றால் விஷால் சோற்றையும் மறப்பான். மறுநாள் சாயங்காலம் ராட்டையை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"ஒரு ராணி சண்டைக்குப் போயிருந்தாங்க. கொடி கிழிஞ்சிபோச்சுன்னு சேதி அனுப்பினாங்க. அரண்மனைல தறி இருக்குது, நெய்ய ஆள் இருக்குது, தார் மட்டும் இல்ல. ராஜா இன்னா பண்ணாரு தெரியுமா?"

"இன்னா பண்ணாரு?"

"சுத்து, சொல்றேன். கை நின்னா கதை நிக்கும்."

"ராஜா போய் தார் சுத்துவாராமா?" என்று சிரித்தான். ஆனால் கை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. ராஜா நூலை அறுத்தார், அழுதார், மந்திரியின் கேலியைத் தாங்கிக்கொண்டு மறுபடி சுற்றினார். விஷாலின் விரல்களும் தேறின. "ஆம்பளப் பையன ராட்டைல ஒக்கார வெச்சிக்கினு," என்று சத்யராஜ் முணுமுணுப்பான். ஆனாலும் கதை சூடுபிடிக்கும்போதெல்லாம் தறிச் சத்தம் நின்றுபோவதை ஜீவிதா கவனித்திருந்தாள்.

வாலாஜாபாத் பெண்ணின் முகூர்த்தப் புடவையை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வியாழன் சாயங்காலம் தார் தீர்ந்தது. விஷால் பள்ளியில் விழுந்து, வலது கையில் கட்டோடு வந்திருந்தான்.

"திரிஷா, தார்," என்றான் சத்யராஜ்.

அவள் புத்தகத்தை மூடப் போனாள்.

"நீ படி," என்றாள் ஜீவிதா. பிறகு தறிப்பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்ச. எனக்குக் கையெல்லாம் மாவு. நீங்களே சுத்திக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சத்யராஜ் பாதியில் நின்ற புடவையைப் பார்த்தான். குழியைவிட்டு ஏறிவந்து ராட்டை முன் உட்கார்ந்தான். பதினெட்டு வருஷம் நெய்தவனுக்கு ஒரு தார் சுற்றத் தெரியவில்லை. நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டான், மறுபடியும் அறுந்தது. கோபத்தில் எழுந்துவிடுவான் என்றே ஜீவிதா நினைத்தாள்.

விஷால் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இழுக்காதப்பா. ரெண்டு விரல்ல லேசா புடி. ராஜாவுக்கும் மொதல்ல அறுந்துக்கினேதான் இருந்துச்சு."

நூல் மெல்ல ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துச் சத்யராஜ் தலை நிமிராமல் கேட்டான்: "அந்த ராணி ஜெயிச்சாங்களா?"

கேட்டபோது அவன் கை நின்றிருந்தது.

"சுத்துப்பா," என்றான் விஷால். "கை நின்னா கதை நிக்கும்."

ராட்டை மறுபடி சுற்றியது. திரிஷா ஒரு கணக்கை முடித்து அடுத்ததற்குப் போனாள்.