வாப்பா அடைத்த துவாரங்கள்

வாப்பா மௌத்தாகி இருபத்து மூன்றாம் நாள், விதவையாகப் பிற ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருந்த அறையில் உம்மா மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

கச்சான் காற்று சுட்டுக்கொண்டிருந்த மாதம். ஜன்னலுக்கு நேரெதிரே கடை. கடை வாசலில் எந்நேரமும் ஆண்கள். ஆகவே ஜன்னல் திறப்பதில்லை. முன்பு சுவரின் உச்சியில் ஆறு துவாரங்கள் இருந்தன. ஏசி பூட்டப்போகிறேன் என்று வாப்பா போன வருடம் தானே அவற்றைச் சீமெந்தால் அடைத்தார். ஏசி வரவேயில்லை.

மேசன் லாபிர் நானாவைக் கூப்பிட்டேன். அறைக்குள் வராமல், வெளிச்சுவரில் ஏணி வைத்து ஏறினார். உம்மாவின் கட்டிலை மறைத்துத் திரை கட்டினேன்.

“சூடு மேலதான் ஏறும், ஷிஃபானா. போறதுக்கு வழியில்ல. இத உடைச்சிட்டு, குசினிப் பக்கத்துக் கதவ நீக்கி வைங்க. கீழால நல்ல காத்து வரும். உம்மாட்டக் கேளுங்க.”

“கேக்குது, நான் செவிடில்ல எண்டு சொல்லு,” என்றார் உம்மா. “உடைக்க வேணாம். அது அவர்ர கை வேலை.”

“பூச்செல்லாம் கோணல் எண்டு சொல்லுங்க,” என்றார் லாபிர் நானா.

உம்மாவின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அந்தப் புழுக்கம் அவருக்கு வேண்டியிருந்தது என்றே எனக்குப் பட்டது. சுகமாக மூச்சு விட்டால் வாப்பாவைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற பயம். வந்த பெண்களிடமெல்லாம், கோபமே வராத, பிழையே செய்யாத ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வாப்பாவைப் பற்றிப் பேச, வீட்டில் யாருமில்லை.

“உம்மா, அடைக்கக்குள்ள நீங்க வாப்பாட்ட என்ன சொன்னீங்க?”

உம்மா கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்தார்.

“வேணாமெண்டு சொன்னனான்.” பிறகு குரல் உயர்ந்தது. “ஏசி வந்த பிறகு அடைங்க எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். கேட்டாரா மனுசன்? கதிரையில ஏறி நிண்டு, நீ என்ன இஞ்சினியரா எண்டு கேட்டவர். முப்பது வருசத்தில நான் சொன்ன ஒண்டக் கேட்டிருப்பாரா?”

வெளியே லாபிர் நானாவின் ஏணி கிரீச்சிட்டது.

“என்னத்துக்கு நிக்கிறார்? உடைக்கச் சொல்லு!”

சீமெந்து உதிர்ந்தது. உம்மா நிறுத்தவில்லை. பேரம் பேசத் தெரியாமல் மீன் வாங்கியது, பெருநாளன்று குடையைத் தொலைத்தது, குறட்டை. சொல்லச் சொல்ல அழுதார். நான் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன இந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆறாவது துவாரம் திறந்தபோது, உம்மா ஒரு குறையின் பாதியில் உறங்கிப்போயிருந்தார்.

“உம்மாக்கு இப்ப சரியா?” லாபிர் நானா மேலிருந்து கேட்டார்.

“நித்திரை.”

“அப்ப ஏணி இரிக்கட்டும். நாளைக்கு வந்து எடுக்கிறன்,” என்று கிசுகிசுத்துவிட்டு இறங்கினார்.