நுரைக்கிற ஈரல்

என் கடை ஈரலில் விஷம் இருக்கிறது என்று ஒரு ஊரே நம்பியது. ஊர் என்றால் முழு ஓசூர் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த இரண்டு வரிசை லைன் வீடுகள், மொத்தம் நாற்பத்தெட்டுக் குடும்பம். எனக்கு வாடிக்கையே அந்த நாற்பத்தெட்டுதான் என்பதால், என்னை ஒழித்துக்கட்ட அது தாராளமாகப் போதும்.

எண்பத்தைந்தாம் வருஷம் அது. அதுவரை குந்தாரப்பள்ளியில் என் அண்ணன் ஜமீர் அகமதுவின் கறிக்கடையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தொரு வயதாகியும் அவர் என்னிடம் பேசியது மூன்றே வார்த்தைகள்: நறுக்கு, கழுவு, நகரு. கல்யாணமான வருஷமே என் மனைவி வஜிஹா, தனியாகப் போய்விடலாம் என்றாள். கிளம்பும்போது அண்ணன் என் கத்தியை வாங்கிக் கடைச் சுவரில் ஆணியில் மாட்டினார்.

"மூணு மாசம். அதுக்குள்ள திரும்பி வந்துருவே முனீரு. அதுவரைக்கும் இத யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

அந்த ஆணிக்குத் திரும்பிப் போகக் கூடாது. எனக்கு அப்போது வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

லைனில் நான் போட்ட கடை முதல் இரண்டு மாசம் நன்றாகவே ஓடியது. சேலத்துக்காரர் தமிழில் கேட்பார், கோலார்க்காரர் கன்னடத்தில் கேட்பார், குப்பத்துக்காரர் தெலுங்கில் கேட்பார். மூன்று பாஷையிலும் "கொழுப்பு சேத்துப் போடட்டா" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம்தான் சரோஜம்மாளின் சீசா குறுக்கே வந்தது.

சரோஜம்மாள் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் ஆயா. பஞ்சு சுருட்டுவது, தரை துடைப்பது, தட்டு கழுவுவது அவர் வேலை. ஆனால் வெள்ளைப் புடவையில் லைனுக்குள் நடந்து வரும்போது எல்லோருக்கும் அவர் நர்சம்மாதான். அவர் வீட்டு அலமாரியில் பழுப்பு நிறக் கண்ணாடிச் சீசா ஒன்று இருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு. லைனில் யாருக்குச் சிராய்ப்பு என்றாலும் அந்தச் சீசாவோடு வந்துவிடுவார். ஊற்றுவார். காயம் வெள்ளையாகப் பொங்கி நுரைக்கும்.

"பாத்தியா, வெஷம் வெளிய வருது" என்பார்.

நுரை அதிகம் என்றால் விஷம் அதிகம். இதுதான் அவர் படித்த வைத்தியம் மொத்தமும். கட்டிப்புரண்டு சண்டை போட்ட இரண்டு பேருக்கு ஒருநாள் ஊற்றிப் பார்த்து, யார் காயம் அதிகம் நுரைத்ததோ அவன் மேல்தான் தப்பு என்று தீர்ப்புச் சொன்னார். அந்த இரண்டு பேரும் அதை ஒப்புக்கொண்டு போனார்கள்.

அவருடைய புருஷன் ராஜப்பன் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அதிகம் பேசாதவர். இரும்புத் துண்டு விழுந்து அவருக்கு முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது. சாதாரணக் காயம், பத்து நாளில் ஆற வேண்டியது. நாலு வாரமாகியும் ஆறவில்லை. சரோஜம்மாள் காலை, மாலை, ஷிப்ட்டுக்குப் போகும் முன் என்று தினம் மூன்று வேளை ஊற்றினார். மூன்று வேளையும் நுரைத்தது. நுரை நிற்கும்வரை விஷம் இருக்கிறது, விஷம் இருக்கும்வரை ஊற்ற வேண்டும். இதிலிருந்து ராஜப்பன் தப்பிக்க வழியே இல்லை. அவருடைய காக்கிக் கால்சட்டையில் வெளுத்த திட்டு விழுந்தது. காயத்தைச் சுற்றி ரோமமெல்லாம் செம்பட்டையாகி, முழங்காலுக்குக் கீழே மட்டும் மனிதர் வெள்ளைக்காரராகி இருந்தார்.

அவருக்கு ரத்தம் ஊறட்டும் என்று ஞாயிறுதோறும் என்னிடம் ஈரல் வாங்குவார் சரோஜம்மாள். அவர் கறி தொடமாட்டார், எல்லாம் புருஷனுக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து காலுக்கு ஊற்றும்போது, பக்கத்தில் கழுவி வைத்திருந்த ஈரலில் கொஞ்சம் தெறித்திருக்கிறது. சாதாரணச் சிராய்ப்பு நுரைப்பது போலவா நுரைக்கும் ஈரல்? சோப்புப் போட்ட துணி மாதிரி பொங்கிவிட்டது.

தட்டோடு கடைக்கு வந்தார். அப்போது கடையில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் இன்னொரு தரம் ஊற்றினார். பொங்கியது.

"பாய், இந்த ஆடு எது கடிச்சு செத்துது?"

"எதுவும் கடிக்கல அக்கா. நாந்தான் பிஸ்மி சொல்லி அறுத்தேன்."

"அப்ப இவ்வளவு வெஷம் எங்கிருந்து வந்துது?"

எனக்கு என்ன தெரியும்? ஆட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்வேன், தோலைத் தொட்டுப் பார்த்து நோய் சொல்வேன். சீசாவில் இருப்பதைப் பற்றி நான் என்ன கண்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் பேசாமல் நின்றதே பதினோரு பேருக்கும் பதிலாகிவிட்டது. பதினோரு பேரும் பையை மடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் ஈரல் மட்டுமல்ல, கறியும் விற்கவில்லை. கடையில் நானும் ஈயும் மட்டும்.

அதற்கடுத்த வாரம் சூளகிரிப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் நேரடியாக ஆடு பிடித்து வந்தேன். லைனில் நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டு அறுத்தேன். சூடு ஆறாத ஈரலைச் சரோஜம்மாளிடம் நானே நீட்டினேன். நுரைத்தது. போனதைவிடக் கொஞ்சம் கூடவே நுரைத்தது.

"எந்த ஊரு ஆடுன்னா என்ன பாய். இப்பல்லாம் எல்லா ஆடும் கம்பெனித் தண்ணிதான குடிக்குது" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

வஜிஹா ஒன்பதாவது வரை படித்தவள். ஒரு துண்டு ஈரலை வேகவைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு சரோஜம்மாள் வீட்டுக்கே போய், ஊற்றச் சொன்னாள். நுரை வரவில்லை. ஒரு குமிழிகூட இல்லை. கடை பிழைத்தது என்று நான் எழுந்து நின்றேன்.

"பாத்தியா, வேக வெச்சா வெஷம் போயிருது. அப்ப வேக வெச்சே வித்துருங்க" என்றார் சரோஜம்மாள்.

பத்து நாள் கடை வாசலில் அடுப்புக் கூட்டி ஈரல் வேகவைத்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் என்று நினைத்து ஒரு லாரி டிரைவர் பரோட்டா கேட்டார். அந்த வாரம் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் வந்த ஒருவர் அண்ணன் சொல்லி அனுப்பியதைச் சொன்னார்: கத்திக்குச் சாணை பிடித்து வைத்திருக்கிறாராம், வரும் ஞாயிறு அவரே வந்து என்னைக் கூட்டிப் போகிறாராம்.

வஜிஹா ஆராய்ச்சியை விடவில்லை. உருளைக்கிழங்கை வெட்டி ஊற்றிப் பார்க்கச் சொன்னாள். அதுவும் நுரைத்தது. ஆட்டுக்கும் கிழங்குக்கும் ஒரே விஷம் எப்படி வரும் என்று சரோஜம்மாள் யோசிப்பார் என்று நினைத்தாள். அவர் யோசிக்கவில்லை. லைனில் உருளைக்கிழங்கு வாங்குவது நின்றது, அவ்வளவுதான்.

என் கடைக்கு எதிரில் காய்கறி விற்ற மாரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"உன் ஈரலோட நிக்காம என் கெழங்க ஏன்ப்பா இழுத்து உட்ட? நான் உன் ஆட்டுக்கு எதுனா பண்ணேனா?"

அவள் திட்டத் திட்ட நான் எலும்பு வெட்டினேன். கோபத்தில் வெட்டினால் கத்திக்கு எலும்பும் ஒன்றுதான், கட்டைவிரலும் ஒன்றுதான். ரத்தம் கொட்டியது. முதலில் ஓடி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சரோஜம்மாள்தான், சீசாவோடு. என் கையைப் பிடித்து, தன் முந்தானையால் துடைத்து, ஊற்றினார். விரல் பொங்கியது. லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"அக்கா, ஈரல்ல வெஷம். கெழங்குல வெஷம். இப்ப என் ஒடம்புலயும் வெஷமா?"

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பின்ன? தினம் நீங்கதான அந்த ஈரலத் திங்கறீங்க."

மாரம்மா கூடையைக் கீழே வைத்தாள். "நீ கறியும் திங்கறதில்ல, கெழங்கையும் உட்டுட்ட. உன் கைல ஊத்து, பாக்கலாம்."

சரோஜம்மாள் வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்தார். கொஞ்சமும் தயங்காமல் சுண்டுவிரலில் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம். அதன் மேல் ஒரு சொட்டு மருந்து. கடுகளவு நுரை, பளீரென்று வெள்ளையாக.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீசாவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, விரலுக்குக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை. அப்புறம் அந்த முகம் ஞாபகம் வந்தது. தான் சாகப்போகிறோம் என்று உண்மையாகவே நம்பிய முகம் அது.

மறுநாள் அவர் கம்பெனி நர்ஸ் ராஜாத்தியிடம் போய், தனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் வஜிஹாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். நர்ஸ் முதலில் சிரித்தாராம்.

"அது வெஷமில்ல சரோஜா. ரத்தத்துலயும் சதையிலயும் ஒரு சத்து இருக்கு, அதுமேல இந்த மருந்து பட்டா நுரைக்கும். உசுருள்ள எதுலயும் இருக்கும், கெழங்குலகூட. வேக வெச்சா அந்தச் சத்து போயிரும், அதான் நுரைக்கல. மண்ணு ஒட்டின காயம்னா மொத நாள் ஒரே ஒரு தடவ, தண்ணி கலந்து ஊத்தலாம். அதோட சரி. அப்புறம் சோப்புத் தண்ணில கழுவி துணி கட்டி உட்டுரணும். தினம் ஊத்தினா புதுசா வர்ற தோலையும் அரிச்சுரும்."

பிறகுதான் ராஜப்பன் காலைப் பற்றிச் சரோஜம்மாள் சொல்லியிருக்கிறார். நர்ஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டாராம்.

"ஏழு வாரம், தெனம் மூணு வேள. நூத்தி நாப்பத்தேழு தடவ. புதுத்தோல் வர வர நானே அரிச்சு எடுத்திருக்கறேன் வஜிஹா" என்று சொல்லி அழுதார். என் பெண்டாட்டியும் கூட உட்கார்ந்து அழுதாள். எங்கள் கடையைக் கவிழ்த்தவரோடு சேர்ந்து அழுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏழு மணிக்கு அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி, காலியாகக் கிடந்த கடையைப் பார்த்து, முக்காலியில் உட்கார்ந்தார். அப்போது சரோஜம்மாள் வந்தார். வெள்ளைப் புடவை, கையில் சீசா. பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதி லைன்.

"அரைக் கிலோ ஈரல். பச்சையா" என்றார்.

ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி வைக்கச் சொல்லி, சீசாவில் மிச்சமிருந்ததை அதன் மேல் கவிழ்த்தார். பொங்கியது.

"பாத்துக்கங்க. உசுரு இருந்த சதைன்னா இப்பிடித்தான் நுரைக்கும். என் ஒடம்பும் நுரைக்குது, உங்க ஒடம்பும் நுரைக்கும். வெஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்."

அந்தத் துண்டை நாய்க்குக்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். காலிச் சீசாவைக் கழுவி உடைத்துப் போட்டுவிடச் சொன்னார். பத்து மணிக்குள் என் கடையில் ஈரல் தீர்ந்துவிட்டது. கூட்டத்தைச் சமாளிக்க அண்ணன் தானாகவே எழுந்து எலும்பு வெட்ட வந்தார். வாழ்நாளில் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தையை அப்போது சொன்னேன்.

"நகருங்க அண்ணே."

நகர்ந்தார். அந்தக் கத்தியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியும் அனுப்பினேன்.

லைனில் எதையும் பாதி கேட்டுத்தான் வழக்கம். ரொம்ப நாளைக்கு என்னிடம், "நுரைக்கிற ஈரல்தான பாய்? நுரைக்காதத தலைல கட்டிராதீங்க" என்று கேட்டு வாங்கினார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி எடை போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ராஜப்பன் தனியாகக் கடைக்கு வந்தார். நொண்டாமல் நடந்து வந்தார்.

"ஆறிடுச்சாண்ணே?" என்றேன்.

"ஆறிடுச்சு பாய்." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஏழு வாரமும் எரிஞ்சுதுதான். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"எனக்கு ஒரு ஷிப்ட்டு, அவளுக்கு ஒரு ஷிப்ட்டு. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல நாங்க ஒக்காந்து பேசினது எவ்வளவுன்னு நெனைக்கறீங்க? இந்த ஏழு வாரமும் தெனம் மூணு வேள என் காலத் தூக்கி மடியில வெச்சுக்கினு ஊதிக்கினே இருந்தா." குனிந்து காலைப் பார்த்தார். "இப்ப கால் ஆறிடுச்சு. எரிஞ்சுதுன்னு நான் சொன்னத அவகிட்ட சொல்லிராதீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த மனுஷன் வாயைத் திறக்காததால் என் கடை கவிழ இருந்தது, பத்து நாள் தெருவில் ஈரல் வேகவைத்தேன், அண்ணன் கத்திக்குச் சாணை பிடித்தார். ஆனாலும் அவருக்கு அரைக் கிலோ ஈரலைக் கட்டிக் கொடுத்தேன். என் கை கொஞ்சம் தாராளமாகவே நிறுத்தது.

கடை மூடி வீட்டுக்குப் போனபோது வஜிஹா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து கட்டைவிரலை நீட்டினேன்.

"இன்னும் வலிக்குது."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போன வாரமே ஆறிப்போச்சுங்க."

"உள்ள வலிக்குது."

முறத்தைத் தள்ளி வைத்தாள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல், விரலில் மெல்ல ஊதத் தொடங்கினாள்.