ஒரு நிமிடப் பாட்டும் ஒரு குழாய் ஸ்பீக்கரும்

"கணவரின் கனிவான கவனத்திற்கு. புதிய பேருந்து நிலையத்திற்கு ஒரு நிமிடப் பாட்டு ஒன்று தேவைப்படுகிறது. அதைத் தாங்கள் செய்து தருவதாக மேலாளரிடம் தெரிவிக்கப்பட்டுள்ளது."

என் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்று சொன்னாள். பதினொரு வருடமாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். கோபமோ சந்தோஷமோ பயமோ அளவு மீறினால் அவளுக்கு அந்தக் குரல் வந்துவிடும். அன்று மூன்றில் எது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றேன்.

"வாயைத் தொறந்து ஏதாவது சொல்லுங்க."

"எப்போ வேணும்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. நிலையத்துலயே போட்டுக் கேப்பாங்க."

மணிக்கு ஒரு முறை ஒலிக்க ஒரு பாட்டு வேண்டுமாம். ஒரு ஸ்டுடியோக்காரர் ஏற்கெனவே செய்து கொடுத்திருக்கிறார். மேலாளருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அவர் ஓட்டுநர்கள் நடுவில் புலம்பிக்கொண்டிருந்தபோது இவள் போய், "எங்க வீட்டுக்காரர் நல்லா பாட்டுப் போடுவார்" என்றிருக்கிறாள். "கண்ணாடிக் கடையில இருக்காரே, அவரா?" என்று மேலாளர் சிரித்திருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். "கேட்டுட்டு அப்புறம் சிரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். நாள் முழுக்க "இது தெளிவா, இதுவா?" என்று கேட்பதுதான் என் பேச்சு. மற்றபடி பேருந்து நிலையத்தில் எனக்கு 'சைலன்சர்' என்று பெயர். எட்டு வருடமாகப் போனில் மெட்டுகள் செய்து வைத்திருக்கிறேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றைக் கேட்டது இவள் ஒருத்திதான். மற்றவர்கள் கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்று சொன்னால் அந்த எட்டு வருடமும் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்தே யாருக்கும் போட்டுக் காட்டாமல் விட்டவன். இப்போது விஷயம் என்னோடு நிற்கவில்லை. பாட்டு சொதப்பினால், அவள் தினமும் அறிவிப்பு சொல்கிற அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, சிரித்த அதே முகங்களைப் பார்த்துத்தான் வண்டி எண் சொல்ல வேண்டும்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குச் சேர்த்த பணத்தை அவளே எடுத்து மேசையில் வைத்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் கையாலயே துவைச்சுக்கலாம்" என்றாள். "துவைக்கிறது எப்படியும் நீங்கதானே."

மறுநாள் தனியாகப் போனேன். இசைக்கருவிக் கடையின் விற்பனையாளர் கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடி அலமாரிக்குள், பஞ்சு மெத்தை போட்ட பெட்டியில், தங்க நிற வலை போட்ட ஒரு மைக் படுத்திருந்தது.

"ஸ்டுடியோல எல்லாம் இந்த மாதிரிதான் சார். கண்டென்சர் மைக். ஒரு ஊசி விழுந்தாக்கூட எடுக்கும்."

நான் அதைத் தட்டிப் பார்க்கவில்லை, பேசிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்றும் கட்டாயம் வேண்டும் என்றார். இரண்டையும் வாங்கியதும் பணம் ஏறக்குறைய தீர்ந்தது. மீதிக்கு இருப்பதிலேயே மலிவான ஹெட்போன் ஒன்று. பழைய லேப்டாப் வீட்டில் இருந்தது.

அன்று மாலை படுக்கையறையில் எல்லாவற்றையும் மாட்டினேன். வேடிக்கை பார்க்க மைத்துனன் வந்திருந்தான். அதே நிலையத்தில் பேருந்து ஓட்டுகிறவன்.

"மாமா, ஒரு நிமிஷப் பாட்டுல எத்தனை செகண்ட் சத்தம் வரும்? இல்ல, முழுக்க உங்க ஸ்டைல்லதானா?"

"வாய மூடுடா" என்றாள் அவன் அக்கா. மைக்கின் முன் போய் நின்றாள். பதினொரு வருடப் பழக்கம். உதடு வலையைத் தொடுகிற தூரத்தில் வாயை வைத்துப் பாடினாள். ஒவ்வொரு மூச்சும் என் காதில் வெடித்தது.

தள்ளி நிற்கச் சொன்னேன். ஒரு முழம் தள்ளி நின்றாள். இப்போது குரலில் அவள் இல்லை. "யார்கிட்டப் பேசறேன்னே தெரியலைங்க" என்றாள். அவள் நிறுத்திய பிறகு, பதிவானதைப் போட்டுக் கேட்டேன். எங்கள் சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஓடுகிறது. அதன் மோட்டார் ஏறி இறங்கிற்று. மின்விசிறி சுற்றியது. மாடிக் குழாய் சொட்டியது. யாரோ யாரையோ "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு" என்று தொடங்கினார்கள். நடுவில் மைத்துனன் பிஸ்கட் கடித்தது, பாறை உடைப்பதுபோல.

"மைக்கா இது, ஒட்டுக்கேக்குற மாமியாரா?" என்றான்.

மூன்று நாள் போராடினோம். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டோம். மின்விசிறியை நிறுத்தி வியர்வையில் குளித்தோம். லிஃப்டை நிறுத்த முடியுமா? மூன்றாம் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் கம்பளிகளை மடித்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தங்க வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மௌனம் புதிதல்ல. ஆனால் எப்போதும் அது என்னுடையதாகத்தான் இருக்கும். அன்று அது அவளுடையது.

மறுநாள் கடைக்கு ஒருவர் வந்தார். சுவரில் மாட்டியிருந்ததிலேயே விலை கூடிய ஃபிரேமை எடுத்துக்கொண்டு, "இதைப் போட்டா நல்லாத் தெரியுமில்ல?" என்றார். நான் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

"ஃபிரேம் பாக்கறதுக்கு சார். தெரியறது பவர்லதான் இருக்கு. முதல்ல உங்க கண்ணைப் பாக்கணும், அப்புறம் நீங்க..."

பாதியில் நின்றுவிட்டேன். இருபது வருடமாக ஆயிரம் பேரிடம் சொன்ன வாக்கியம் அது. இருந்தும், போட்டுக்கொள்ளப் போகிறவளை வீட்டில் விட்டுவிட்டு, கண்ணைச் சோதிக்காமல், மினுமினுப்பைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தான்.

"அப்புறம் நான் என்ன செய்யணும்?" என்றார் அவர்.

"உக்காருங்க சார்" என்றேன். அவருக்குக் கண் பார்த்து முடித்ததும் அரை நாள் விடுப்புச் சொன்னேன்.

இந்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். விற்பனையாளர் முகம் சுருங்கியது. "பணம் திருப்பித் தர மாட்டோம் சார். ஏழு நாளைக்குள்ள வேற பொருளா மாத்திக்கலாம். ஆனா இது நல்ல மைக் சார்."

"நல்ல மைக்தான்" என்றேன். "எங்களுக்கு இல்ல."

அவள் அதற்குள் கீழ்த்தட்டில் குனிந்திருந்தாள். தூசி படிந்த கறுப்பு மைக் ஒன்றை எடுத்து, கையில் வாகாகப் பிடித்துப் பார்த்தாள்.

"அது மேடையில பேசறவங்க வாங்கறது மேடம். டைனமிக் மைக். நீங்க வாங்கினதோட விலையில பாதிகூட இல்ல. வாய்கிட்ட வச்சாத்தான் கேக்கும்."

"வேற எங்கயும் வைக்க மாட்டேன்" என்றாள்.

வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். வெளியே சாலை இரைந்துகொண்டிருந்தது. இரண்டு மைக்கையும் மாற்றி மாற்றி இணைத்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டேன். இது தெளிவா, இதுவா? தங்க மைக்கில் சாலை முழுவதும் இருந்தது. அதன் நடுவில் எங்கோ அவள். கறுப்பு மைக்கில் அவள் மட்டும் இருந்தாள். "மூன்றாவது நடைமேடையில்" என்று என் காதுக்குள் வந்து நின்றாள். சாலை தொலைதூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதே வழியில் ஹெட்போன்கள் ஐந்தைக் கேட்டு, காதை முழுக்க மூடுகிற ஒன்றை எடுத்தேன். விலையில் அது நடுவில் நின்றது. அப்போதும் மிச்சம் இருந்தது.

"அப்போ இந்த ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஜோடியை எடுத்துடுங்க சார்" என்றார் விற்பனையாளர். "சின்னதுதான், ஆனா சத்தத்துல இருக்கிறதெல்லாம் அப்படியே காட்டும். மிச்சத்துக்குச் சரியா வரும்."

நான் தலையாட்டப் போனேன். என் முழங்கையை அவள் தொட்டாள்.

"நம்ம பாட்டு எதுலங்க கேக்கப் போகுது?"

இருவருக்கும் தெரியும். புதிய நிலையத்தின் கூரையில் இருபத்துநாலு குழாய் ஸ்பீக்கர்கள்.

"என் குரலே அதுல வேற எவளோ பேசற மாதிரிதான் வரும்" என்றாள். "தணிஞ்ச குரல்ல சொன்னா யாருக்கும் போய்ச் சேராது. வேகமாச் சொன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். இத நான் கத்துக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு." பிறகு விற்பனையாளரிடம் திரும்பினாள். "ஒரு குழாய் ஸ்பீக்கர் இருக்கா?"

"எதுக்கு மேடம்?"

"வீட்டுல வைக்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"இருந்தா குடுங்க" என்றேன்.

கிடங்கிலிருந்து ஒன்றும், அதை ஓட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வந்தன. பேருந்தில் அவள் அந்தக் குழாயை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வந்தாள். சமையலறை அலமாரி மேல் ஏற்றினோம்.

"அடுத்து என்ன மாமா, டிக்கெட் கவுன்ட்டரா?" என்றான் மைத்துனன்.

நாற்பதில் எனக்கு ரொம்பப் பிடித்த மெட்டை அதில் போட்டேன். அடியில் கனமாக உருளும் கீழ்ச்சுரங்கள், அவற்றின் மேல் பதினாறு அடுக்கு. ஹெட்போனில் அது எனக்குக் கடல். குழாயில், தகரத்துக்குள் மாட்டிய கொசு. கீழ்ச்சுரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்க்காததுபோல அடுப்பைத் துடைத்தாள்.

நான் எடுத்துப்போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடுக்காக. எட்டு வருடம் சேர்த்ததை நாலு மாலையில் கழித்தேன். அடிநாதம் முழுவதும் போயிற்று. மிஞ்சியது ஒரு மெட்டு, நடுவில் மூச்சு விடுகிற இடங்கள். தாளத்துக்கு எந்த மத்தளச் சத்தம் வைத்தாலும் குழாய் அதை விழுங்கியது. கடைசியில் என் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து மைக்குக்கு முன் மூடினேன். டப். குழாயில் போட்டால் அப்படியே டப். அவள் அடுப்பங்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பண்ணுங்க" என்றாள்.

லிஃப்ட் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கறுப்பு மைக்கில் உதட்டை வைத்து அவள் பாடினாள். வரிகள் அவளுடையவை.

*கதவு திறந்தது, கையும் அசைந்தது,
போகிற வண்டியெல்லாம் திரும்பி வரட்டும்.*

ஞாயிற்றுக்கிழமை மதியம் புதிய நிலையத்தில் பெயின்ட் வாடை போகவில்லை. மேலாளர், பத்துப் பன்னிரண்டு ஓட்டுநர்கள், பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, ஸ்டுடியோக்காரர். நான் தூண் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டேன். முதலில் ஸ்டுடியோக்காரரின் பாட்டு. நல்ல வித்தை தெரிந்தவர். அவருடைய ஸ்டுடியோவில் அது எவ்வளவு பிரமாதமாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் இருபத்துநாலு குழாயிலும் அதன் அடிப்பாகம் காணாமல் போய், மேலே இருந்தவை கூரையில் முட்டி ஒன்றோடொன்று புரண்டன. பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"இந்த ஸ்பீக்கரை எல்லாம் மாத்தணும் சார்" என்றார் அவர்.

"இருபத்துநாலையுமா?" என்றார் மேலாளர். பிறகு என் மனைவியைப் பார்த்தார். "உங்களுது போடுங்கம்மா." உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது.

டப்.

தூரச் சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. திரும்பி வந்து சேர நான் விட்டிருந்த இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. டப். மெட்டு தொடங்கியது. அவள் குரல் இருபத்துநாலு குழாயிலிருந்தும் இறங்கியது, ஒவ்வொரு சொல்லும் முழுசாக. பெருக்குகிற அம்மா விளக்குமாற்றை நிறுத்தினார். ஓர் ஓட்டுநர் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் விரலால் தட்டினார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். மேலாளர் கையில் வைத்திருந்த காகிதக் கட்டைத் தொடையில் அடித்துக்கொண்டிருப்பதை அவரே கவனிக்கவில்லை. ஒரு நிமிடம் முடிந்தது.

யாரும் பேசவில்லை. எத்தனையோ மௌனங்களுக்குள் வாழ்ந்தவன் நான். அப்படி ஒன்றை அதற்கு முன் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார் மேலாளர்.

மூன்று தடவை போட்டார்கள். மூன்றாவதில் ஓட்டுநர்கள் கூடவே பாடினார்கள். ஸ்டுடியோக்காரர் நேராக என்னிடம் வந்து, "அந்த டப் என்ன சார் அது?" என்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி, திறந்து மூடிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இதுதான்" என்றார் மேலாளர், எல்லாருக்கும் கேட்கும்படி. "அப்படியே ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்னாடியும் ஒரு சின்ன மெட்டு வேணும். அதையும் அவரையே போடச் சொல்லுங்கம்மா. எங்க அவர்?"

அவள் நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். மைக்கை உதட்டருகில் இழுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நீங்கள் இப்போது கேட்ட பாட்டுக்கு இசையமைத்தவர், மூன்றாவது தூணுக்குப் பின்னால், வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருக்கிறார்."

இந்த முறை அந்தக் குரலில் இருந்தது எது என்று எனக்குத் தெரிந்தது.

"சைலன்சர்!" என்று கத்திக்கொண்டே மைத்துனன் தன் பேருந்தில் ஏறி ஹாரனை அழுத்தினான். அடுத்த பேருந்து. அதற்கடுத்தது. வரிசையாக நின்ற பத்து வண்டிகளும் ஒன்றாக முழங்கின. தரை அதிர்ந்தது. நான் எட்டு வருடம் வளர்த்து, நாலு மாலையில் எடுத்துப்போட்ட கீழ்ச்சுரங்கள் என் உள்ளங்கால் வழியாக ஏறி வந்தன.

தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "இன்னும் நாப்பது இருக்கு" என்று கத்தினேன்.