முக்காடு

சட்டை தைக்கும் கூடத்தில் மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் மூத்த தையல்காரர் வேதத்தில் ஒரு பகுதியை உரக்க வாசிப்பார். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே அவர் வழக்கம். பிடித்த பகுதியைத் தேடிப் புரட்டமாட்டார்.

அன்று வந்த பகுதியில், ஆண்டவர் பெயரால் நன்மை செய்த ஒருவனைச் சீடர்கள் தடுத்திருந்தார்கள். அவன் தங்களைச் சேர்ந்தவன் அல்லன் என்பதே காரணம். அவனைத் தடுக்க வேண்டாமென்று ஆண்டவர் சொன்ன வரியை மூத்த தையல்காரர் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"என்னண்ணே, கண்ணாடி மாத்தணுமா?" என்றான் காலர் தைக்கும் வாயாடி.

யாரும் சிரிக்கவில்லை. போன வாரம்வரை ஜன்னலோர மெஷினில் பொத்தான் துளை தைத்த பெண் வேறு சபைக்காரி. வாசிப்பு முடிந்ததும் முந்தானையை முக்காடிட்டுத் தன் பங்குக்கு உரக்க ஜெபிப்பாள். சிலர் அதற்கும் ஆமென் சொல்லத் தொடங்கியது மூத்தவருக்குப் பொறுக்கவில்லை. அவள் முக்காடு மெஷின் சக்கரத்தில் சிக்கியதாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். வேலைக்கு உட்காருமுன் அவள் அதை இழுத்து இடுப்பில் செருகிவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். முதலாளி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை; அன்றே நிறுத்திவிட்டார்.

அந்த வரியை வாசித்த அன்று மதிய இடைவேளையில் அவர் முதலாளியிடம் உண்மையைச் சொன்னார்.

"அதுக்கு இப்ப என்ன? அங்க வேற ஆள் உக்காந்தாச்சு. தரையில உக்காந்து தைச்ச சட்டையில பிசிறு நூல் வெட்ட ஆள் வேணும், பாதிக் கூலி. வேணும்னா வரச் சொல்லுங்க."

மாலையில் அவள் வீட்டுக்குப் போனார். பிறர் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தவள், அவர் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"புடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேண்ணே. கவனமில்லாதவள்னு பேராயிடுச்சு. எவன் சேத்துக்கிறான்?"

"தப்புதாம்மா."

"தப்புன்னு சொன்னா அடுப்பு எரிஞ்சிடுமா?"

"நாளைக்கு வா. உனக்கு மெஷின் இருக்கு."

மறுநாள் அவளும் வந்திருந்தாள். அவர் வேதத்தைத் திறக்கவில்லை. தாம் சொன்ன பொய்யை எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டார்.

"தாய்க்கோழி றெக்கையில எல்லாத்துக்கும் இடமிருக்கு. குஞ்சுங்கதான் கொத்திக்குது," என்று வாயாடி முணுமுணுத்தான்.

அவர் தம் மெஷினை அவளுக்குக் காட்டிவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் நின்றாள், பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு அமர்ந்தாள்.

முதலாளி வந்து பார்த்தார். மெஷின் எதுவும் சும்மா நிற்கவில்லை. பாதிக் கூலிக்கும் ஆள் கிடைத்திருந்தது. தைத்த சட்டைகளின் அடுத்த கட்டை எடுத்து மூத்த தையல்காரரின் மடியில் போட்டுவிட்டுத் தம் அறைக்குத் திரும்பினார்.